நீச்சல் தடாகமுள்ள வீடா, நடை தூரத்து வீடா?

கடந்த ஆண்டு மட்டக்களப்பில் வாடகைக்கு வீடு தேடியபோது, கடைசியில் இரண்டு வீடுகள் எங்கள் முன் நின்றன. ஒன்று கல்லடியில், வளவுக்குள்ளேயே நீச்சல் தடாகம் உள்ள வீடு. மற்றையது புளியந்தீவில், கடைகளும் பாடசாலையும் நடை தூரத்தில் இருக்கும் மேல்மாடி வீடு. வாடகையும் முற்பணமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நாங்கள் புளியந்தீவு வீட்டையே எடுத்தோம்.

தடாகத்தின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். மாரியில் கல்லடிக் கடல் கொந்தளிக்கும்; வாவியில் முதலைகள் உண்டு. பிள்ளைகள் அச்சமின்றி நீந்தப் பழகுவதற்கு வீட்டுத் தடாகம் உண்மையிலேயே நல்ல இடம்.

ஆனால் அதைப் பராமரிப்பது யார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. உடன்படிக்கையின்படி அந்தப் பொறுப்பு வாடகைக்கு இருப்பவருடையது. எட்டு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட அத்தடாகம் 48,000 லீற்றர் நீரைக் கொள்ளும். அந்நீரை வடிகட்ட ஒரு குதிரைவலு மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு அலகு, மாதத்துக்கு 180 அலகு மின்சாரம் செலவாகும். நமது வீட்டு மின் கட்டணத்தில் 180 அலகுக்கு மேற்பட்டவற்றுக்கே மிக உயர்ந்த வீதம் என்பதால், மலிவான படிகளை மோட்டாரே விழுங்கிவிட, குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் செலவழிக்கும் ஒவ்வோர் அலகும் அந்த உச்ச வீதத்திலேயே கணக்கிடப்படும்.

குளோரினை லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைத்திருக்க வேண்டும்; கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் காலத்து வெயில் அதை விரைவாகச் சிதைத்து நீரையும் வற்றச் செய்யும், மாரி மழையோ அதை நீர்த்துப்போகச் செய்யும். நாங்கள் இரண்டாம் முறை பார்க்கச் சென்றபோது மோட்டார் ஒரு வாரமாக ஓடாமல் கிடந்தது. நீர் பச்சையாகியிருந்தது, வேப்பஞ் சருகுகள் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன, முதற் படியில் கால் வைத்த மகள் பாசியில் வழுக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிக் கிடக்கும் நீரில் நுளம்பு பெருகினால், 2007ஆம் ஆண்டின் நுளம்புத் தடுப்புச் சட்டத்தின்படி குடியிருப்பவரும் பதில் சொல்ல வேண்டியவரே.

புளியந்தீவில் மகள் தானாகவே பாடசாலைக்கு நடந்து போகிறாள். முழங்கால் நோவுள்ள அம்மா, ஓட்டோவுக்கு எவரையும் எதிர்பாராமல், மெதுவாக நடந்து காந்தி பூங்காவில் வாவிக் காற்று வாங்கிவிட்டு வருகிறார். கல்லடியில் இருந்திருந்தால் இவ்விருவரும் ஒவ்வொரு பயணத்துக்கும் என்னையே நம்பியிருந்திருப்பார்கள். தெருவோர நடைபாதை சில இடங்களில் ஒடுக்கமானது, மழை நாளில் நீர் தேங்கும், அதை மறைக்கவில்லை. கொங்கிறீட் கூரையின் வெக்கையைப் பொறுத்தவரை, நாங்கள் இங்கே ஒரு கச்சான் காலத்தைத்தான் கண்டிருக்கிறோம். அது தாங்கக்கூடியதாகவே இருந்தது. நீந்தும் ஆசைக்கு, விடுமுறை நாட்களில் ஆழமற்ற பாசிக்குடாவுக்குப் போகிறோம்.

தடாக வீட்டையே விரும்புவோர், மோட்டாருக்குத் தனி மின்மானி பொருத்தி அந்தக் கட்டணத்தை உரிமையாளர் ஏற்பதாக உடன்படிக்கையில் எழுதிக்கொண்ட பின்னரே முற்பணம் கொடுக்கட்டும்.