டென்யூர் சட்டங்கள்: மூன்று மாநிலங்களில் பிடி எங்கே தளர்ந்தது?

டென்யூர் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு. 2023-இல் டெக்சாஸ் மாநில செனட், இனிச் சேருபவர்களுக்கு டென்யூரே கிடையாது என்று மசோதா நிறைவேற்றியது. பிரதிநிதிகள் அவை அதைத் திருத்தியது. கடைசியில் சட்டமான எஸ்.பி. 18 (செனட் மசோதா 18), டென்யூரை ஒழிக்கவில்லை. தகுந்த காரணமின்றி நீக்கப்படாதவரை பணியில் தொடரும் உரிமை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. விஸ்கான்சின் போன திசை இதற்கு நேர் எதிர்.

அங்கே 2015 வரை டென்யூர் மாநிலச் சட்டத்திலேயே இருந்தது. பட்ஜெட்டோடு வந்த ஆக்ட் 55 அதை எடுத்துவிட்டு, மாநிலப் பல்கலைக்கழகங்களை நிர்வகிக்கும் ரீஜென்ட்ஸ் வாரியத்தின் விதிக்குள் தள்ளியது. வாரியத்தின் விதியை வாரியமே மாற்றலாம். சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஆனால் பெரிய அடி அதுவல்ல, ஆட்குறைப்புப் பிரிவுதான். முன்பு டென்யூர் பெற்றவரை நீக்கத் தகுந்த காரணம் நிரூபணமாக வேண்டும், அல்லது நிதி அவசரநிலை வேண்டும். இப்போது பட்ஜெட் காரணமாகவோ பாடத்திட்ட முடிவாலோ ஒரு பாடப்பிரிவை மூடினாலும், சுருக்கினாலும், மாற்றினாலும், திசைதிருப்பினாலும் போதும். ‘மாற்றுதல்’ என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடக்க முடியாது? ஆசிரியர் எவ்வளவு நன்றாக வேலை செய்தார் என்பது அங்கே கேள்வியே இல்லை.

புளோரிடா ஆளைக் குறிவைக்கிறது. 2022-இன் எஸ்.பி. 7044-ஐத் தொடர்ந்து வந்த விதிப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பாய்வு, நான்கு தரநிலைகள். மூன்றாம் நிலை கிடைத்தால் மேம்பாட்டுத் திட்டம், அதிகபட்சம் 12 மாதம். கடைசி நிலைக்கு நேரே பணிநீக்க நோட்டீஸ். மதிப்பாய்வு மட்டுமென்றால் தாங்கலாம். டெக்சாஸிலும் ஆறாண்டுக்குள் ஒருமுறை உண்டு. ஆனால் 2023-இன் எஸ்.பி. 266, பணி தொடர்பான முடிவுகளைப் பல்கலைக்கழகத் தலைவருக்கு மேல் முறையீடு செய்யக் கூடாது என்கிறது. தரம் போடும் நிர்வாகத்திடமே நியாயமும் கேட்க வேண்டும். இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

டெக்சாஸ் காரணங்களை வரிசையாக அடுக்குகிறது: தொழில்திறமையின்மை, கடமை தவறுதல், போலிச் சான்று, உண்மையான நிதி நெருக்கடி என்று. ஓட்டை, ‘தொழிலுக்குத் தகாத நடத்தை’ என்ற வரியில் இருக்கிறது. எல்லையை ஒவ்வொரு நிறுவனத்தின் கொள்கைதான் வகுக்கும். கடும் முறைகேட்டுக்கு உடனடி நீக்கமும் உண்டு.

என் கணிப்பில் பாதுகாப்பு மிகக் குறைவானது விஸ்கான்சின், அடுத்தது புளோரிடா. அதிகம் கூச்சல் கிளப்பிய டெக்சாஸ் கடைசி.

சட்டம் மெலியும் இடத்தில் நியமனக் கடிதமும் ஆசிரியர் கையேடும் கனம் பெறும். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு தந்தது. விஸ்கான்சினின் ராத், ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த ஆசிரியர். பணியில் அவருக்குச் சொத்துரிமை, அதாவது உரிய விசாரணையின்றிப் பறிக்க முடியாத உரிமை, இல்லை என்றது. டெக்சாஸின் சிண்டர்மன் வேலை பார்த்த கல்லூரியில் முறையான டென்யூரே இல்லை. ஆனாலும் கையேட்டு வாசகத்தையும் கல்லூரி வழக்கத்தையும் காட்டி உரிமையை நிரூபிக்க அவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்றது.