வலிக்கிறது: 'ஷ்மெர்ட்சன்' சொல்வதா, 'வேடூன்' சொல்வதா?

ஜெர்மன் படிக்கத் தொடங்கும் பலர் இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள்.

பிறப்பு:
ஷ்மெர்ட்சன்: மிகப் பழைய சொல். ஆங்கில 'ஸ்மார்ட்' இதன் உடன்பிறப்பு. அதுவும் முதலில் சுரீரென்று எரியும் வலியைத்தான் குறித்தது. அந்தச் சுரீர் கூர்மையாகி, கூர்மை பிறகு புத்திசாலித்தனம் ஆனது. ஸ்மார்ட்போன் என்ற பெயருக்குள் ஒரு பழைய வலி இருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.
வேடூன்: 'வே' என்பது நம் 'ஐயோ' மாதிரி ஒரு அலறல். 'டூன்' என்றால் செய்தல்.

இலக்கணம்:
ஷ்மெர்ட்சன் பிரியாது, அதாவது வாக்கியத்தில் இரண்டு துண்டாகாமல் ஒரே சொல்லாக நிற்கும்.
வேடூன் பிரியும். 'மிர் டூட் டெர் கோப்ஃப் வே' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. 'வே' கடைசிக்கு ஓடிவிடும், கவனம்.

சரி, எதை எடுப்பது? டாக்டரிடமும் வீட்டிலும் வேடூன். மனவேதனையைக் கடிதத்தில் எழுத ஷ்மெர்ட்சன்.