ஹலீம், ஹரீஸ், ஹரீஸா: வேலூர் லாங் பஜார் நோன்புக் கடை

லாங் பஜார் பக்கம் நோன்பு மாதத்தில் மட்டும் அடுப்பு மூட்டும் கடை. பலகையில் மூன்று பெயர்: ஹலீம், ஹரீஸ், ஹரீஸா. எது எதுவென்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். துபாயில் இருந்து வந்தவர் கறி என்று நினைத்து ஹரீஸா கேட்டால், பாகில் ஊறிய ரவைத் துண்டு வருகிறது.

இதுவும் ஹரீஸாதான் என்று கடைக்காரர் சொல்வது தப்பில்லை. அரபியில் ஹ-ர-ஸ என்ற வேருக்கு இடித்து நசுக்குவது என்று பொருள். உரலுக்குப் பெயர் மிஹ்ராஸ். மொராக்கோ பேச்சில் ஹர்ரஸ் என்றால் உடைப்பது. எதை இடிக்கிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். வளைகுடாவில் ஹரீஸ் கோதுமையும் கறியும். 10-ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலிலேயே அது இருக்கிறது. துனிசியாவில் ஹரீஸா மிளகாய் விழுது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ரவை இனிப்பு. ஆர்மீனியாவில் கோழியும் கோதுமையும், ஸ்ரீநகரில் அரிசி சேர்த்த ஆட்டுக்கறி. ஹலீம் வேறு சொல். அதன் ‘ஹ’ அரபியில் வேறு எழுத்து, பொருள் ‘பொறுமை உள்ளவர்’. ஈரானில் அதைச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிக் காலையில் சாப்பிடுகிறார்கள்.

இங்கே வாங்க வேண்டியது ஹரீஸ்தான். தோல் நீக்கிய முழுக் கோதுமை, கறி, உப்பு, தண்ணீர், மேலே நெய். மசாலா கிடையாது, அதனால் குறையை மறைக்க வழியே இல்லை. கோதுமை இரவெல்லாம் ஊறாவிட்டால் நடுவில் கட்டியாக நிற்கும். மிக்ஸியில் அடித்தால் கறி நார் அறுந்து பசைபோல் ஆகிவிடும். இவர்கள் மரத்துடுப்பால் அண்டாவிலேயே இடிக்கிறார்கள். கரண்டியைத் தூக்கினால் நார் நூலாக இழுபடுகிறது, ஓரத்தில் தண்ணீர் பிரியவில்லை. உப்பும் அளவு.

ஹலீம் ஹைதராபாத் முறை: உடைத்த கோதுமை, கடலைப்பருப்பு, இஞ்சி பூண்டு, மிளகு, பொரித்த வெங்காயம், புதினா. ருசி இருக்கிறது, ஆனால் பருப்பு தூக்கல். கறி நாரைத் தேடத்தான் வேண்டும். எலுமிச்சை கேட்டு வாங்குங்கள், தானாகத் தருவதில்லை.

மஃரிப் (அந்தித் தொழுகை) முடிந்த கையோடு போய்விடுங்கள். அண்டா அடிக்கு வரும்போது அடிப்பிடித்த வாடை ஏறுகிறது. ஒரு இடத்தில் பிடித்தாலும் கிளறக் கிளற முழுவதும் பரவிவிடும். பார்சல் ஆறினால் இறுகும். சுடுதண்ணீர் இரண்டு மூன்று கரண்டி விட்டு, சிறு தீயில் கிளறிச் சூடாக்கி, நெய்யைக் கடைசியில் ஊற்றுங்கள்.