ஆன்லைன் ஆக்டிவேஷனோடு குப்பை கொட்டுவது எப்படி: நெல்லைப் பக்கத்து அனுபவம்

காசு கொடுத்து வாங்கிய கேம். ராத்திரியெல்லாம் ஓடவிட்டு 80 ஜி.பி. இறக்கியாயிற்று. ஆடப்போவதும் தனியாளாகத்தான். ஆனாலும் நெட் வந்தால்தான் திறப்பேன் என்று நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியதுதானா என்று கம்பெனி சர்வரிடம் கேட்டு உறுதி செய்யும் இந்தப் பூட்டுக்குத்தான் ஆன்லைன் ஆக்டிவேஷன் என்று பெயர். பாளையங்கோட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ நல்ல ஃபைபர் லைன் வைத்திருப்பவருக்கு இது எப்போதாவது வரும் எரிச்சல். களக்காடு, திசையன்விளை, விக்கிரமசிங்கபுரம் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிட்டால் இதுவே வாடிக்கை.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரில் சிஸ்டம் ஓடும், ரௌட்டரும் ஓடும், நெட் மட்டும் இருக்காது. ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து சிக்னலே வரவில்லை என்று அர்த்தம். வயர் அறுந்திருக்கும், அல்லது கேபிள்காரர் பக்கத்து மெஷினுக்குக் கரண்ட் போயிருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் அது நம் வீட்டுக் கரண்ட் கட்டுக்கு மட்டுமே உதவும், கேபிள்காரர் வீட்டுக்கு எட்டாது.

ஆக்டிவேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல ரகம் உண்டு. ஒருமுறை சர்வரிடம் கேட்டுவிட்டு அப்புறம் தொல்லை செய்யாதது ஒன்று. சிஸ்டத்தின் அடையாளத்தைக் குறித்துவைத்து, அது மாறினால் மறுபடி கேட்பது இன்னொன்று. நெட் அறுந்த நிமிடமே ஆட்டத்தை நிறுத்துவது மூன்றாவது. முதல் ரகத்தோடு காலம் தள்ளலாம். 2004-ல் ஹாஃப்-லைஃப் 2 கேமை டிஸ்க்காக வாங்கியவர்களும் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அக்கவுண்ட் திறந்துதான் ஆட வேண்டியிருந்தது. அன்று கிளம்பிய கூச்சல் இன்று இல்லை, பழகிவிட்டது.

ஸ்டீமின் ஆஃப்லைன் மோடு வேலையே செய்வதில்லை என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். செய்யும். நெட் இருக்கும்போதே அதைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். லாகின் பண்ணும்போது 'ரிமெம்பர் மீ' டிக் இருக்கட்டும். கேமை இறக்கியதோடு விட்டுவிடாமல், ஒருமுறை திறந்து மெனு வரைக்கும் போய்விட்டு வெளியே வாருங்கள். டைரக்ட்எக்ஸ், விஷுவல் சி++ போன்ற துணை சாஃப்ட்வேர்கள் முதல் திறப்பில்தான் ஏறும், ஆக்டிவேஷனும் அப்போதுதான் முடியும். அதன்பிறகு டவுன்லோட்ஸ் பக்கத்தில் அந்த கேமுக்கு அப்டேட் ஏதும் பாக்கி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாதி இறங்கிய அப்டேட் நின்றால், ஆஃப்லைனில் 'அப்டேட் தேவை' என்று சொல்லி கேம் திறக்காது. டேட்டாவை மிச்சம் பிடிக்க 'திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்று வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், நெட் போன நாளில்தான் அப்டேட் பாக்கி இருப்பது தெரியவரும். எல்லாம் சரி என்றால் இடது மேல் மூலையில் ஸ்டீம் மெனுவில் 'கோ ஆஃப்லைன்' கொடுத்து, நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை கேமைத் திறந்து பாருங்கள். திறந்தால் அடுத்த மழைக்குத் தயார்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஆக்டிவேட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்க ஆகும் டேட்டா மிகச் சொற்பம். ஆனால் நெட்டைக் கண்டதும் ஸ்டீம் மற்ற கேம்களின் அப்டேட்டையும் இறக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளைய 2 ஜி.பி. எங்கே போனதென்றே தெரியாது. ஹாட்ஸ்பாட் போட்டதும் டவுன்லோட்ஸ் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் பாஸ் செய்துவிட்டு, அப்புறம் கேமைத் திறக்க வேண்டும்.

ஸ்டீமில் வாங்கினாலும் சில கம்பெனி கேம்களுக்கு உள்ளே கேமைத் திறந்துவிடும் இன்னொரு ஆப் (லாஞ்சர்) இருக்கும். யுபிசாஃப்ட், இ.ஏ., ராக்ஸ்டார் மூன்றும் அப்படித்தான். ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்தால் அவை தானாக ஆஃப்லைனுக்குப் போய்விடாது. ஒவ்வொன்றிலும் தனியாக லாகின் பண்ணி, கேமை ஒருமுறை திறந்து வைக்க வேண்டும். எபிக் லாஞ்சரில் செட்டிங்ஸுக்குள் ஆஃப்லைன் மோடுக்கென்று ஒரு டிக் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஆஃப்லைன் பெர்மிஷன்ஸ்' என்று இருக்கும், அதை ஒரே ஒரு சிஸ்டத்துக்குத்தான் போட முடியும். வீட்டில் அண்ணனுக்கு லேப்டாப், தம்பிக்கு டெஸ்க்டாப் என்றிருந்தால் யாருக்கு என்று முன்பே பேசிவைப்பது நல்லது.

இனி டெனுவோ. திருட்டுக் காப்பியைத் தடுக்க கேம் கம்பெனிகள் போடும் பூட்டு இது, மேலே சொன்ன இரண்டாவது ரகம். 2014-ல் ஃபிஃபா 15 கேமோடு வந்தது. இன்றும் பெரிய கேம்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறது. சிஸ்டத்தின் பாகங்களை வைத்து ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி) வாங்கிக்கொள்ளும். அந்த டோக்கன் செல்லும்வரை ஆஃப்லைனில் ஆடலாம். பிராசஸர், மதர்போர்டு மாற்றினால், விண்டோஸை மறுபடி ஏற்றினால், சிலசமயம் விண்டோஸின் பெரிய அப்டேட் வந்தாலே, பழைய டோக்கன் செல்லாமல் போகும். நம் பக்கம் பாதிப்பேர் அசெம்பிள் செட்டுதான். செகண்ட்ஸில் பாகம் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றுவோம். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்து ஃபார்மட். அதனால் இந்த ரகப் பூட்டு நமக்குத்தான் அதிகம் இடிக்கும். கடையிலிருந்து சிஸ்டம் வந்த அன்றே நெட்டில் போட்டு, டெனுவோ உள்ள கேம் ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து மூடிவிட வேண்டும்.

டெனுவோ இருக்கிறதா என்பது வாங்கும் முன்பே தெரியும். ஸ்டீமில் கேம் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். ஒரு நாளைக்கு 5 சிஸ்டத்துக்கு மேல் ஆக்டிவேஷன் கிடையாது என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். ஒரே ஆளுக்கு ஐந்து எதற்கு என்று தோன்றலாம். லினக்ஸில் ஆடுபவர்கள், விண்டோஸ் கேமை அங்கே ஓடவைக்கும் புரோட்டானின் வெர்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் புது சிஸ்டமாகக் கணக்காகி, 24 மணி நேரம் கேம் பூட்டிக்கொள்ளும். 2021-ல் இன்டெல்லின் 12-ம் தலைமுறை பிராசஸர் வந்தபோது, அதில் உள்ள இரண்டு வகைக் கோர்களை இரண்டு சிஸ்டம் என்று நினைத்துச் சில கேம்கள் குழம்பின. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) ஒரு செட்டிங் போட்டு ஸ்க்ரோல் லாக் பட்டனை அழுத்தி ஆடச் சொன்னார்கள். ஒழுங்காக வாங்கியவனுக்குத்தான் இத்தனை சர்க்கஸும். அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம். சில கம்பெனிகள் பின்னாளில் டெனுவோவை எடுத்துவிடுகின்றன. 2016 மே மாதம் வந்த டூம் கேமில் அந்த டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், அதற்குள் விலையும் இறங்கியிருந்தது.

நெட் நன்றாக இருந்தும் எந்த லாஞ்சரும் சர்வரோடு பேசவில்லை என்றால் சிஸ்டத்தின் தேதியைப் பாருங்கள். பழைய மதர்போர்டில் சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். தேதி தப்பென்றால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும், இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். பிரௌசரிலும் எல்லா சைட்டுக்கும் பாதுகாப்பு எச்சரிக்கை வரும், அதுதான் அடையாளம். பவர் வயரைக் கழற்றிவிட்டு செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. இதற்கும் ஃபார்மட் போட்டுக் காசு வாங்கும் கடைகள் உண்டு.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இந்தப் பாடெல்லாம் பட வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் அதைக் கைவிட்டுவிட்டது.

நெட் இருந்தே தீர வேண்டிய மூன்றாவது ரகத்தை, தனியாளாக ஆடுவதற்கு என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்போது கேமைப் பற்றி யாருக்கும் கவலை இருந்திருக்காது, சரிதான். ஆனால் பல இடங்களில் கரண்ட் திரும்பிய பிறகும் நெட் வரத் தாமதமாகும். அந்த இடைவெளியில் இந்த ரக கேம்கள் வெறும் ஐகான்தான். நம் நெட் சரியாக இருந்தாலும் அவர்கள் சர்வர் படுத்தால் அதே கதி. 2013 மார்ச்சில் சிம்சிட்டி கேம் வந்தபோது உலகம் முழுக்க அப்படித்தான் ஆனது. ஆஃப்லைன் மோடு கொடுக்க ஒரு வருடம் ஆயிற்று. 'தி க்ரூ' கார் கேமுக்கு அந்தக் கருணைகூட இல்லை. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள், தனியாளாக ஆடும் பகுதியும் சேர்ந்தே போயிற்று. நாம் வாங்குவது பட்டா இல்லை, குத்தகைதான். கலிஃபோர்னியாவில் 2025 முதல் வாங்குபவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

பூட்டே இல்லாமல் வேண்டுமென்றால் ஜி.ஓ.ஜி. தளம் இருக்கிறது. ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். பெரிய கேம் 4 ஜி.பி. துண்டுகளாக வரும், எல்லாத் துண்டும் செட்டப் ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். ஸ்டீமிலேயே விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 போன்ற சில கேம்களுக்கு ஸ்டீமே தேவையில்லை. ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, கேம் ஃபோல்டரில் உள்ள இ.எக்ஸ்.இ. ஃபைலை நேரடியாகத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய டிவிடியே மேல் என்று செகண்ட்ஸில் தேடுபவர்களும் கவனிக்க. ஆன்லைன் கீ உள்ள டிஸ்க் என்றால் அந்தக் கீ முதல் ஆளின் அக்கவுண்டில் ஏறியிருக்கும், உங்களுக்கு டப்பாதான் மிச்சம். கீ இல்லாமல் சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட அதற்கும் முந்தைய டிஸ்க்குகள் விண்டோஸ் 10-ல் ஓடாது, அந்தப் பூட்டுக்கு வேண்டிய டிரைவரையே மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது.

வாங்கிய கேம் ஆக்டிவேட் ஆகவே இல்லை என்றால் ஸ்டீமில் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். லாஞ்சர் திறந்தபடி சுற்றிக்கொண்டிருக்கும் நேரமும் ஆடிய நேரமாகவே ஏறும். 'கனெக்டிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தால் அதை ஓடவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எரர் எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுங்கள்.