கார்பன் நூலகம்: பிஎச்பியில் தேதிக் கணக்குக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

பிஎச்பி நிரல்மொழியில் தேதி, நேரத்தைக் கையாள கார்பன் அளவுக்கு வசதியான நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) வேறில்லை. பிஎச்பியில் வலைத்தளம் கட்டும் சட்டகமான லாராவெலோடு கூடவே வந்துவிடும். தனியாக நிறுவ வேண்டாம்.

ஆனால் தேதியை வைத்திருக்கும் கார்பன் ஆப்ஜெக்ட், கூட்டிக் கழிக்கும்போது தன்னையே மாற்றிக்கொள்ளும். பில் தேதியோடு 7 நாள் கூட்டிக் கெடு தேதி எடுத்தால், பில் தேதியும் சேர்ந்து நகர்ந்துவிடும். இரண்டும் ஒரே தேதியாக அச்சாவது இதனால்தான். புது புராஜெக்ட் என்றால் முதல் நாளே, மூலத் தேதியை மாற்றாமல் புதுத் தேதியைத் தரும் கார்பன் இம்யூட்டபிளுக்கு மாறிவிடுங்கள்.

மாதச் சந்தாவுக்கு நிரல் எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள்: 2025 ஜனவரி 31-உடன் ஆட் மந்த் (ஒரு மாதம் கூட்டும் கட்டளை) போட்டால் மார்ச் 3 வரும். அடுத்த மாதத்துக்குள் வழிந்துபோகாத நோ ஓவர்ஃப்ளோ வகை பிப்ரவரி 28 தரும், அதுதான் சரி. அந்த 28-இலிருந்து அடுத்த மாதத்தைக் கணக்கிட்டால் மார்ச் 28 ஆகிவிடும். எப்போதும் மூலத் தேதியிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று கூட்டுங்கள்.

கார்பனின் மூன்றாம் பதிப்புக்கு மாறுவோர், இரு தேதிகளுக்கு இடையிலான நாள்களைத் தரும் டிஃப் இன் டேஸ் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பாருங்கள். 36 மணி நேர இடைவெளிக்குப் பழைய பதிப்பில் 1 வந்தது, இப்போது 1.5. கடந்த தேதிக்கு மைனஸும் வரும்.

டேட்டாபேஸில் யுடிசி (உலகப் பொது நேரம்) இருக்கட்டும். இந்திய நேரம் அதிகாலை 4 மணி ஆர்டர் அங்கே முந்தைய நாள் 22:30. அதனால் அன்றாட விற்பனை அறிக்கைக்கு, ஏசியா/கொல்கத்தா (இந்திய நேர மண்டலம்) நாளின் தொடக்கத்தையும் முடிவையும் யுடிசிக்கு மாற்றி, அந்த இடைவெளியில் தேடுங்கள்.

லட்சக்கணக்கான வரிகளைச் சுற்றும் லூப்பில் மட்டும் பிஎச்பியின் சொந்த டேட்டைம் இம்யூட்டபிளே வேகம்.