கீழ்பவானி வாய்க்கால்: காங்கிரீட்டா, மண் கரையா, இல்ல கிணத்தையும் சேத்து கணக்கு போடறதா?

எங்க தோட்டத்து கிணத்துல மொத்தம் 58 படி. கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டு பத்து பன்னெண்டு நாள் ஆச்சுன்னா வாய்க்கா பக்கத்து சுவத்துல கல்லு இடுக்குல மொதல்ல ஈரம் தெரியும், அப்புறம் சொட்ட ஆரம்பிக்கும், ராத்திரி மோட்டார ஆஃப் பண்ணிட்டு கிணத்து மேட்டுல உக்காந்தா அந்த சத்தம் நல்லாவே கேக்கும். எங்கப்பா டார்ச் அடிச்சு படி எண்ணுவாரு. "முப்பதாவது படி முங்கிருச்சு, இனி மஞ்சளுக்கு பயமில்ல"ன்னு சொல்லிட்டுத்தான் படுக்கப் போவாரு.

என் மாமனார் ஊரு வாய்க்கா போய் முடியற கடைமடைல இருக்குது, கரூர் மாவட்டத்த ஒட்டி. அவரு சொல்றது வேற. "மாப்ள, உங்கூட்டு கெணத்துக்கு வாய்க்கா கசிஞ்சே தண்ணி ஏறிருதுங்க, எங்க மதகுக்கு வர்றப்ப பாதி நாளு சேறுதானுங்க வருது." அவரு சொல்றதும் பொய்யில்ல. ரெண்டு வீட்லயும் சாப்பிடற ஆளுங்கறதால இத பல வருஷமா யோசிச்சுட்டு இருக்கேன், அதத்தான் இங்க எழுதறேன்.

வெளியூர்க்காரங்களுக்கு கொஞ்சம் பின்னணி. பவானிசாகர் அணை 1955-ல கட்டி முடிச்சது, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி). அங்க இருந்து கிளம்பற கீழ்பவானி மெயின் வாய்க்கா சுமார் 200 கிலோமீட்டர், ஈரோடு, திருப்பூர், கரூர் மூணு மாவட்டத்துல 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாயுது. ஒரே நேரத்துல எல்லாருக்கும் கிடையாது, பாதி ஆயக்கட்டுக்கு, அதாவது பாசன உரிமை இருக்கற நிலத்துக்கு, ஆகஸ்ட்ல இருந்து நஞ்சைக்கு 24 டிஎம்சி, மீதி பாதிக்கு ஜனவரிக்கு மேல புஞ்சைக்கு 12 டிஎம்சி, அடுத்த வருஷம் மாத்திக்கணும். வாய்க்கால்ல முழுசா வினாடிக்கு 2300 கன அடி ஓடுச்சுன்னா ஒரு நாளைக்கு 0.2 டிஎம்சி, 120 நாள் ஓடுனாத்தான் அந்த 24 டிஎம்சி வரும். அத லட்சம் சொச்சம் ஏக்கருக்கு பிரிச்சா ஏக்கருக்கு அஞ்சு அடி உசரத்துக்கு மேல நிக்கிற தண்ணி. அவ்வளவு விட்டும் கடைசி மதகுல ஏன் பத்தலன்னு கேட்டா, முக்கியமான காரணம் இது மண் வாய்க்கா, வழி நெடுக கசியும்.

அதுக்குத்தான் 2020-ல சுமார் 710 கோடில சீரமைப்பு திட்டம் போட்டு காங்கிரீட் தளம் போடறோம்னு வந்தாங்க. உடனே ஊரு ரெண்டா பிரிஞ்சுது. போடுன்னு ஒரு உண்ணாவிரதம், போடாதேன்னு ஒரு உண்ணாவிரதம், ஹைகோர்ட் வரைக்கும் போச்சு.

காங்கிரீட்டுக்கு என்ன பலம்னு மொதல்ல நேர்மையா சொல்லிடறேன். தண்ணி வேகமா போகும், கரை உடைப்பு குறையும். அறுபது எழுபது வருஷத்து கரை, தண்ணி திறந்து கொஞ்ச நாள்லயே உடைப்பு எடுத்து அடச்சு சரி பண்ணி மறுபடி விடறதுக்குள்ள கடைமடைக்காரன் நாத்து காஞ்ச வருஷமெல்லாம் இருக்கு. மாமனார் வீட்ல நாத்து விட்டு 40 நாள் ஆகி நட முடியாம மாட்டுக்கு அறுத்துப் போட்டத நானே பாத்திருக்கேன், அந்த வலிய யாரும் சின்னதா நெனைக்கக் கூடாது. ஆயக்கட்டுன்னு பத்திரத்துல இருக்கு, தண்ணித் தீர்வை கட்டறாங்க, அவங்களுக்கு தண்ணி போய்த்தான் ஆகணும்.

ஆனா மண் கரைக்கு இருக்கற பலம் எந்த எஸ்டிமேட்லயும் வராது. இந்த கசிவு எங்க போகுதுன்னு நடந்து பாத்தா தெரியும். பள்ளத்துல ஓடையா போகுது, அந்த ஓடைல தடுப்பணை இருக்கு, அத நம்பி கசிவு நீர்ப் பாசனம்னே தனியா நடக்குது, ஊரு கிணறு, பஞ்சாயத்து போரு, தென்னந்தோப்பு எல்லாத்துக்கும் அதான். எங்க பூமி அடில பூரா பாறை. மேல கொஞ்சம் மக்கின பாறை, அதுக்கு கீழ வெடிப்புல நிக்கிற தண்ணி, அவ்வளவுதான். டெல்டா மாதிரி மணல் படுகை கிடையாது, ஒரு வருஷம் மழை தப்புனா காலி, எங்காச்சும் இருந்து ஊறிக்கிட்டே இருந்தாத்தான் கிணறு கிணறா இருக்கும். 2016-ல வடகிழக்கு பருவமழை 62 சதவீதம் குறைஞ்சு, 2017 ஜனவரில தமிழ்நாடு பூரா வறட்சின்னு அறிவிச்சாங்க பாருங்க, அந்த வருஷம் எங்கப்பா எண்ணுன கடைசி படி 58. அதுக்கு கீழ காஞ்ச பாறை. பக்கத்து தோட்டத்துல எல்லாம் திருச்செங்கோட்டு போர் வண்டி ராத்திரி பகலா ஓடுச்சு, ஆயிரம் அடி போட்டு வெறும் புகையும் மாவும் வந்த குழி எங்க தோட்டத்துலயும் ஒண்ணு இருக்கு, மேல கல்லு வெச்சு மூடியிருக்கோம்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம் ஒண்ணு. இதே பவானி ஆத்துத் தண்ணிய காலிங்கராயன் அணைக்கட்டுக்கு கீழ இருந்து ஆறு எடத்துல பம்ப் பண்ணி மேட்டுக்கு ஏத்தி 1045 ஏரி குளத்த நெரப்பறதுதான் அத்திக்கடவு அவினாசி திட்டம். 1916 கோடி செலவு, 2024 ஆகஸ்ட்ல தொடங்கி வெச்சாங்க, எடுக்கறது உபரி 1.5 டிஎம்சி. அந்தப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையா போராடி வாங்கினது, வேணும்தான், நான் முழுசா வரவேற்கறேன். அதோட முக்கியமான நோக்கமே நிலத்தடி நீர் ஏறணும்ங்கறதுதான். கரண்டு செலவு பண்ணி பூமிக்குள்ள தண்ணிய எறக்கறது ஒரு பக்கம், கரண்டே இல்லாம தானா எறங்கற தண்ணிய தளம் போட்டு நிறுத்தறது இன்னொரு பக்கம். ரெண்டு ஃபைலையும் ஒரே மேசைல வெச்சுப் பாத்திருந்தா இந்த சண்டையே வந்திருக்காதுன்னு தோணுது.

"கசிவுன்னா வேஸ்ட்டுதானே"ன்னு சொல்றவங்க 2018 காவிரி தீர்ப்பையும் பாக்கணும். தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சின்னு இருந்தத சுப்ரீம் கோர்ட் 177.25-ஆ குறைச்சப்போ சொன்ன காரணத்துல ஒண்ணு, தமிழ்நாட்டு காவிரிப் படுகைல 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருக்கு, அதுல 10 டிஎம்சிய கணக்குல சேக்கலாம்ங்கறது. பவானியும் காவிரில சேர்ற ஆறுதான். நமக்கு பங்கு குறைக்கறப்ப கிணத்துத் தண்ணியும் ஆத்துக் கணக்குல வருது. அப்ப நம்ம வாய்க்காலுக்கு திட்டம் போடறப்ப மட்டும் அத எப்படி விட முடியும்?

சரி, அப்ப மண் கரையே போதும்னு விட்டுடலாமான்னா அங்கயும் ஓட்டை இருக்கு, அத எங்க பக்கத்து ஆளுங்க வெளிய பேச மாட்டாங்க. கசிவு எல்லாருக்கும் சமமா போறதில்ல. வாய்க்கா ஓரமா ஒரு சென்ட் எடம் வாங்கி கிணறு வெட்டி அங்க இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு பைப் போட்டு கொண்டு போறவங்க இருக்காங்க. 1990-ல இருந்து எல்லா விவசாயிக்கும் இலவச கரண்டு, எவ்வளவு எடுத்தாலும் கேள்வி கிடையாது. அந்த மாதிரி எடுக்கறது ஊத்துத் தண்ணிய எடுக்கறதுன்னு பேரு, நெசத்துல கடைமடை பங்கத்தான் எடுக்கறாங்க. இலவச கரண்ட நிறுத்துன்னு நான் சொல்லல, அது இல்லன்னா இங்க பாதிப் பேரு பண்ணையத்த விட்டிருப்பாங்க, ஆனா அளவே இல்லாத பம்பையும் அளந்து விடற மதகையும் ஒரே வாய்க்கால்ல வெச்சுட்டு பங்கு சரியா வரணும்னா வராது.

காங்கிரீட் போட்டா இந்த திருட்டு நின்னுடுமான்னு கேட்டா, பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) பக்கம் போய் பாருங்க. அங்க வாய்க்கா தளம் போட்டதுதான், நாலு மண்டலமா பிரிச்சு ஒரு மண்டலத்துக்கு முறை வர ரெண்டு வருஷம் ஆகுது, அப்படியிருந்தும் தண்ணி திருட்டு, கடைமடைக்கு வரல, கோர்ட்டு கேஸுன்னு இன்னைக்கும் ஓடிட்டுதான் இருக்கு.

சொட்டு நீர் பத்தி நீளமா பேச வேண்டியதில்ல. சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம், எங்க மஞ்சளுக்கு நாங்களே போட்டிருக்கோம், வேலையும் மிச்சம். ஆனா மிச்சமான தண்ணிய யாரும் கிணத்துலயே விட்டு வெக்கறதில்ல, இன்னும் ஒரு ஏக்கர சேத்து நட்டுக்கறோம், நாங்களும் அதத்தான் செஞ்சோம். தோட்டத்துக்கு லாபம், கிணத்து படி ஏறல.

மூணாவது வழிதான் இங்க யாரும் வாய் தெறந்து பேசாதது, வாய்க்காத் தண்ணியையும் கிணத்துத் தண்ணியையும் ஒரே கணக்குல எழுதறது. மகாராஷ்டிரால அகமத்நகர் (இப்ப பேரு அகில்யாநகர்) பக்கம் ஹிவரே பஜார்னு ஒரு ஊரு, மழை எங்கள விட கம்மி, வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் சுத்தி. போபட்ராவ் பவார் அங்க 1989-ல தலைவரா வந்த பின்னாடி ஊரே கூடி முடிவு பண்ணி பாசனத்துக்கு போர் போடக் கூடாது, கரும்பு வாழை கூடாதுன்னு வெச்சாங்க, வருஷா வருஷம் மழைய அளந்து இருக்கற தண்ணிக்கு என்ன பயிர்னு கிராம சபைல முடிவு பண்றாங்க. ஆந்திராவுல 2000-த்துக்கு அப்புறம் ஏழு வறட்சி மாவட்டத்துல விவசாயிங்களே கிணத்து மட்டத்தையும் மழையையும் அளந்து நோட்டுல எழுதி, பருவம் ஆரம்பிக்கறதுக்கு முன்ன உக்காந்து பயிர் கணக்கு போட்டாங்க. யாரும் உத்தரவு போடல, அவங்க எழுதுன எண்ண அவங்களே பாத்து நெல்ல குறைச்சுக்கிட்டாங்க.

இதுக்கும் பலவீனம் இருக்கு. ஹிவரே பஜார் ஒரே ஒரு சின்ன ஊரு, நம்மளுது 2 லட்சம் ஏக்கர், மேல ஒரு அணை, தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் முகம் கூட தெரியாது. சட்டம் போட்டு செய்யலாம்னா, தமிழ்நாட்டுல 2003-ல நிலத்தடி நீர் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து, நடைமுறைக்கே வராம 2013-ல அத ரத்து பண்ணிட்டாங்க. மேல இருந்து வர்ற சட்டத்த நம்பி உக்காந்தா இன்னும் பத்து வருஷம் போயிரும்.

என் கட்சி என்னன்னு கேட்டா, மண் கரை மண் கரையாவே இருக்கட்டும். மதகு, பாலம், சுரங்க நீர்வழின்னு உடையற எடம் எல்லாம் காங்கிரீட்ல பலமா கட்டட்டும், பழைய கட்டுமானம் போன எடத்துல செலவு பண்றதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. கொப்பு வாய்க்காலயும் பகிர்மான வாய்க்காலயும் தூர் வாரறது வருஷா வருஷம் நடக்கணும், கடைமடைக்கு வராததுல பெரிய பங்கு அங்க மொளைச்சு கெடக்கற கோரையும் சீமைக் கருவேலமும்தான். முறை ஆரம்பிக்கறப்ப மொத பத்து நாள் கடைமடை மதகுல இருந்து மேல வர்ற மாதிரி தெறக்கலாம், தலைமடைக்கு அந்த பத்து நாள் கிணறு இருக்கு, அவங்களால தாங்க முடியும். வாய்க்கா ஓரத்து கிணத்துல இருந்து ஆயக்கட்டுக்கு வெளிய பைப் போறத கண்டிப்பா நிறுத்தணும், இத எங்க ஊர்ல சொன்னா சில பேரு என்கூட பேசறத விட்ருவாங்கன்னு தெரியும், ஆனாலும் சொல்றேன். இவ்வளவும் செஞ்ச பின்னாடியும் மாமனார் மதகுக்கு தண்ணி வரலன்னா, எந்தெந்த மைல்ல கசிவு அதிகம்னு அளந்து அந்த மைலுக்கு மட்டும் தளம் போடறத பத்தி பேசலாம், அப்பவும் அங்க இருக்கற கிணத்துக்காரங்கள உக்கார வெச்சு பேசிட்டுத்தான்.

அளக்காம எதையும் பேச முடியாதுங்கறதால நாங்களே ஆரம்பிச்சுட்டோம். போன முறை தண்ணி விட்ட நாள்ல இருந்து எங்க கிணத்து படி, பக்கத்து ரெண்டு தோட்டத்து கிணறு, மாமனார் கிணறு நாலையும் வாரத்துக்கு ஒருக்கா ஒரே நோட்டுல எழுதறோம். அதுல ஒண்ணு தெரிஞ்சுது, கடைமடை கிணறும் வாய்க்கா ஓடறப்ப ஏறத்தான் செய்யுது, எங்களுத விட இருவது நாள் கழிச்சு, அஞ்சு படி. மாமா அத பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அடுத்த வாரத்துக்கு நானே எண்ணி சொல்றேனுங்க மாப்ள"ன்னாரு. உங்க தோட்டம் எந்த மைல்ல இருந்தாலும் சரி, தண்ணி தெறந்த தேதியும் படி எண்ணிக்கையும் எழுதி வைங்க, நாலு கிணறு பத்தாது.