ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? வெளிநாட்டில் விமானம் மாறுவோருக்கு ஓர் ஒப்பீடு

டிக்கெட் தேடும் தளங்களில் ஒரே ஊருக்கு இரண்டு விதமாக விலை வரும். கிளம்பும் ஊரிலிருந்து சேரும் ஊர்வரை ஒரே டிக்கெட் என்பது ஒன்று. நடுவில் இறங்கும் ஊர்வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு டிக்கெட் என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவதுதான் மலிவு. ஏறப்போகும் விமானங்கள்கூட இரண்டிலும் அவையேயாக இருக்கலாம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஒரே டிக்கெட் என்றால், உங்களைக் கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் தாமதத்தால் அடுத்த விமானம் போய்விட்டால், அதற்கடுத்ததில் கூடுதல் கட்டணம் வாங்காமல் இடம் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு, விமானப் பயணிகளின் உரிமைகளுக்கான ஒன்றியத்தின் 261/2004 விதியும் துணைக்கு வரும். ஒரே முன்பதிவில் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்து, காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தால், தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானத்தின் தாமதத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அதனால் தவறவிட்ட இரண்டாவது பயணம் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். அந்த டிக்கெட்டிலேயே திரும்பி வரும் பயணமும் இருந்தால், பொதுவாக அதையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. புது டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

கையில் இருப்பது எந்த வகை என்று அறிய 13 இலக்க டிக்கெட் எண்ணைப் பாருங்கள். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தின் அடையாளம். எல்லா விமானங்களும் ஒரே எண்ணின் கீழ் இருந்தால் ஒரே ஒப்பந்தம். நிறைய மாற்றங்கள் உள்ள நீண்ட பயணத்தில் மட்டும் அடுத்தடுத்த எண்கள் வரலாம். ஆறு எழுத்து முன்பதிவுக் குறியை மட்டும் நம்பக்கூடாது. ஒரே டிக்கெட்டுக்கே இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு குறி வைத்திருப்பது சாதாரணம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்கள், அல்லது ஒரே கூட்டணியைச் (அலையன்ஸ்) சேர்ந்த நிறுவனங்கள் என்பதும் பாதுகாப்பு ஆகாது. தனித்தனியாக வாங்கினால் அவை தனித்தனி ஒப்பந்தங்கள்தான்.

இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. டிக்கெட் தளமே இரண்டு டிக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து, தன் சொந்த உத்தரவாதத்தோடு விற்கும். அந்த உத்தரவாதம் தளத்தினுடையது, விமான நிறுவனத்தினுடையது அல்ல. நள்ளிரவில் கவுண்டரில் அதைக் காட்டினால் வேலை நடக்காது. தளத்தைத்தான் அழைக்க வேண்டும். லக்கேஜ், விசா விஷயங்களில் இதைத் தனித்தனி டிக்கெட்டாகவே எண்ணித் திட்டமிடுங்கள்.

லக்கேஜ்

ஒரே டிக்கெட்டில் பெட்டி பொதுவாகக் கடைசி ஊர்வரை தானே போய்விடும். செக்-இன் கவுண்டரில் பெட்டி பெல்ட்டில் நகரும் முன், ஒட்டிய சீட்டில் எந்த ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நடுவில் உள்ள ஊரின் குறி இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவில் விமானம் மாறினால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், முதலில் இறங்கும் நிலையத்தில் குடிநுழைவு முடித்து, பொதுவாகப் பெட்டியையும் எடுத்து, சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். பல நாடுகளில் சர்வதேச விமானத்திலிருந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறும்போதும் இதே நடைமுறைதான். நிலையமே மாறும் டிக்கெட்டுகளும் உண்டு. டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவது, லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது போன்றவை. இவற்றை ஒரே டிக்கெட்டாகவே விற்பார்கள். ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு நாட்டுக்குள் நுழைந்து, ஊரைக் கடந்து போக வேண்டும்.

தனித்தனி டிக்கெட்டில் பெட்டி நடு ஊரின் பெல்ட்டுக்கு வந்துவிடும். அது குடிநுழைவுக்கு அப்பால் இருக்கும். ஆகவே அந்த நாட்டுக்குள் நுழைய விசாவோ விசா இல்லாமல் நுழையும் உரிமையோ வேண்டும். நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்: விமானத்திலிருந்து இறங்கி நடக்க 20 நிமிடம், குடிநுழைவு வரிசைக்கு 45, பெட்டிக்கு 30, டெர்மினல் மாற 20. சர்வதேச விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன்னை மூடிவிடும். ஒன்றும் பிசகாத நாளிலேயே மூன்று மணி நேரம் போய்விடுகிறது. முதல் விமானம் தாமதமாகவும் இடம் வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைத்துத் திட்டமிடுவது சரியல்ல.

கைப்பை மட்டும்தான் என்றால் கதை மாறும். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் போனிலேயே இருந்து, நிலையமும் அனுமதித்தால், வெளியே வராமல் மாறிவிடலாம். ஆனால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரில் பார்க்க வேண்டும் என்று நிறுவனம் வைத்திருந்தால் ஆன்லைனில் பாஸ் வராது. பட்ஜெட் நிறுவனங்கள் பலவற்றுக்கு உள்ளே டிரான்ஸ்ஃபர் கவுண்டரும் இருக்காது. வாங்கும் முன் உறுதி செய்ய வேண்டியது இதைத்தான்.

விசா

தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவர் பெரும்பாலும் தடுக்கப்படுவது நடு ஊரில் அல்ல, கிளம்பும் ஊரின் கவுண்டரிலேயே. முதல் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் சேரும் நாடு அந்த நடு நாடுதான். விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதம் அவர்களுக்கு. ஆகவே எந்த நாட்டுக்கு யாருக்கு விசா வேண்டும் என்று விமான நிறுவனங்கள் சரிபார்க்கும் டிமாடிக் தரவுத்தளத்தில் பார்த்துவிட்டு மறுத்துவிடுவார்கள்.

ஒரே டிக்கெட்டிலும் விதி நாட்டுக்கு நாடு வேறு. தோஹாவிலும் சிங்கப்பூரிலும் டிரான்சிட் பகுதியை (குடிநுழைவைத் தாண்டாமல் விமானம் மாறும் இடம்) விட்டு வெளியே வராமல் மாறிவிடலாம். அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற ஏற்பாடே இல்லை. மாறுபவரும் நாட்டுக்குள் நுழைபவர்தான், விசாவோ எஸ்டாவோ (விசா தேவைப்படாத நாட்டவர் ஆன்லைனில் வாங்கும் அனுமதி) தேவை. கனடாவில் வெளியே வராவிட்டாலும் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு டிரான்சிட் விசாவோ மின்னணு அனுமதியோ வேண்டும். ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், நைஜீரியா உள்ளிட்ட 12 நாட்டவரிடம் விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கின்றன. சில நாடுகள் தனியாக மேலும் சிலரைச் சேர்த்துள்ளன. ஷெங்கனுக்குள்ளேயே இரண்டு முறை மாறுவது இன்னொரு பொறி. பிராங்பர்ட்டில் இறங்கி, பாரிஸ் போய், அங்கிருந்து வெளியே பறந்தால், பிராங்பர்ட்டிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும். டிரான்சிட் விசா அதற்குச் செல்லாது.

எவ்வளவு இடைவெளி?

ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்ற நேரம் உண்டு. வியன்னாவில் 25 நிமிடம், பிராங்பர்ட்டில் 45 நிமிடம் என்பவை பேர்போனவை. அதற்குக் குறைவான இடைவெளியில் ஒரே டிக்கெட்டை விற்கமாட்டார்கள். அந்த எண் விற்பதற்கான எல்லை; குழந்தையோடோ முதியவரோடோ நிதானமாகப் போவதற்கான அளவு அல்ல. கேட் புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதையும் கழியுங்கள்.

இடைவெளியைவிட முக்கியம், தவறினால் அடுத்த விமானம் எப்போது என்பது. தினமும் ஐந்தாறு விமானம் போகும் ஊருக்கு ஒரே டிக்கெட்டில் 60 நிமிட இடைவெளியைத் துணிந்து எடுக்கலாம். வாரத்துக்கு மூன்றே விமானம் போகும் ஊருக்கு இரண்டு மணி நேரம்கூடப் போதாது. தவறினால் இரண்டு நாள் காத்திருப்பு. அமெரிக்காவில் மாறினால் மூன்று மணி நேரம் வையுங்கள்.

ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கும் திரவம், சீல் வைத்த பையில் ரசீதோடு இருந்தால்தான் அடுத்த பாதுகாப்புச் சோதனையைத் தாண்டும். பெட்டியைத் திரும்ப எடுக்கும் இடங்களில், மறுபடி ஒப்படைக்கும் முன் பாட்டிலை அதற்குள் வைத்துவிடுவது நல்லது.

ஒரே டிக்கெட்டில் விமானம் தவறினால் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்துவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கவுண்டர் வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் செயலியிலும் மாற்று விமானம் தேடுங்கள். அங்கே முன்பே இடம் போட்டிருப்பதும் உண்டு. பெட்டி வராவிட்டால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் எழுதி அதன் எண்ணை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும்.

பெட்டி இருந்தால், விசா சிக்கல் இருந்தால், குறித்த நாளில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், எங்கள் தேர்வு ஒரே டிக்கெட்தான். நடு நாட்டுக்குள் நுழையும் உரிமை இருந்து, ஓர் இரவு அங்கே தங்கவும் முடிந்தால், தனித்தனி டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் உண்மையான லாபம். அப்போதும் போகும்போதும் வரும்போதும் ஒரே இடைவெளி வேண்டியதில்லை. மலிவான குட்டி விமானம் முதலில், விலை உயர்ந்த நீண்ட விமானம் அடுத்து என்றால் அந்த இரவுத் தங்கல் கட்டாயம். நீண்டது முதலில், குட்டி விமானம் கடைசியில் என்றால் ஐந்து மணி நேரம் போதும். தவறினாலும் போவது சின்ன டிக்கெட்டின் பணம்தான்.